ஒரு மில்லிவோல்ட்டை ஒழுங்காக வெளியே விடுவது: இ.சி.ஜி. சிமுலேட்டர் கட்டும் தம்பிக்கு

எர்ணாவூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பயோமெடிக்கல் டிப்ளமோ, கடைசி வருடம். அவர் கட்டுவது இ.சி.ஜி. சிமுலேட்டர், அதாவது ஆள் இல்லாமலே இதயத் துடிப்பின் மின் அலையைப் போல ஒன்றை மானிட்டருக்குக் கொடுக்கும் பெட்டி. ஆர்டுயினோ யூனோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் இ.சி.ஜி. அலையை எக்ஸெலில் கையால் வரைந்து ஏற்றியிருக்கிறார். பி.டபிள்யூ.எம். பின்னிலிருந்து (5 வோல்ட்டை வேகமாக விட்டு விட்டுத் தரும் கால்) எடுத்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டு வடிகட்டி, அப்புறம் ஒரு வால்யூம் கண்ட்ரோலில் குறைத்து, தெரிந்தவர் நர்சிங் ஹோமில் சும்மா கிடந்த பழைய மானிட்டரில் கொடுத்துப் பார்த்தாராம். கோடு பட்டையாக வருகிறது. கண்ட்ரோலைத் தொட்டால் திரையை விட்டே ஓடிவிடுகிறது. கொஞ்சம் பிடித்து நிறுத்தினால், 72 என்று வைத்த துடிப்பை 144 என்று காட்டுகிறது. போர்டை மாற்ற வேண்டுமா, 12 லீடு, அதாவது இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் காட்டும் அலைகள், எடுக்க முடியுமா என்பது கேள்வி.

போர்டை மாற்ற வேண்டாம், தம்பி. யூனோ போதும். உங்கள் மூன்று தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. அதில் இரண்டு அலையைச் சேர்ந்ததே இல்லை. அலையை வரைவது இந்த வேலையில் சுலபமான பாகம். அதை ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு இறக்கி, இறக்கிய அளவு என்ன என்று சந்தேகமில்லாமல் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் பெரிய பாகம். காசிமேட்டில் தராசு சரியா என்று பார்க்கப் படிக்கல்லை வைப்பார்கள். சிமுலேட்டர் அந்தப் படிக்கல். அதன் எடையே தெரியாவிட்டால் மானிட்டர் தப்பா, நம் பெட்டி தப்பா என்று சொல்ல வழியில்லை.

முதலில் திரையை விட்டு ஓடுவது. நெஞ்சின் மேல் ஒட்டும் எலக்ட்ரோடில் மானிட்டர் எதிர்பார்ப்பது சுமார் 1 மில்லிவோல்ட் ஆர் அலை (ஒரு துடிப்பில் வரிசையாக வரும் பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற ஐந்து மேடு பள்ளங்களில் உயரமானது). இ.சி.ஜி. தாளில் வழக்கமான அளவும் அதுதான்: 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம், 1 நொடிக்கு 25 மில்லிமீட்டர் நீளம். யூனோ தருவது 5 வோல்ட், அதாவது 5000 மடங்கு. சாதாரண வால்யூம் கண்ட்ரோல் முழுக்கத் திரும்பினால் 300 டிகிரி வரும். அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு என்றால் 0.06 டிகிரி. எந்தக் கையாலும் அதை நிறுத்த முடியாது. விரல் பட்டாலே சில பத்து மில்லிவோல்ட் போய்விடும், மானிட்டரின் உள்ளீடு முட்டிக்கொண்டு கோடு காணாமல் போகும். ஆகவே கண்ட்ரோலைக் கழற்றிவிட்டு நிலையான ரெசிஸ்டர்கள் போடுங்கள்.

இதற்கு நான் போடும் வரிசை இது. டி.ஏ.சி. (எண்ணை வோல்டேஜாக மாற்றும் சிப், பி.டபிள்யூ.எம்.முக்குப் பதில் இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்) வெளியீட்டிலிருந்து 1 கிலோ ஓம். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 0.47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். அதே முனையிலிருந்து 100 கிலோ ஓம். அதைத் தொடர்ந்து 33 ஓம், பிறகு 68 ஓம், கடைசியில் கிரவுண்ட். 100 கிலோ ஓமும் 33 ஓமும் சேரும் புள்ளியை மானிட்டரின் இடது கால் ஒயருக்கு எடுங்கள். 33-ம் 68-ம் சேரும் புள்ளி இடது கைக்கு. வலது கையும் வலது காலும் கிரவுண்டில். அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கீழே இருப்பது 101 ஓம், மொத்தம் 1,01,101 ஓம். மேலே 1 வோல்ட் கொடுத்தால் இடது காலில் 0.999 மில்லிவோல்ட். எந்தக் கடையிலும் கிடைக்கும் மதிப்புகளை வைத்தே ஆயிரத்துக்கு ஒன்று கிட்டத்தட்ட அச்சாக விழுகிறது. 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் வாங்கினால் மொத்தப் பிழை இரண்டு சதவீதத்துக்குள் நிற்கும்.

இடது கையில் 0.673 மில்லிவோல்ட் வரும். முதல் லீடு என்பது இடது கையில் இருப்பதிலிருந்து வலது கையைக் கழித்தது, இரண்டாவது லீடு இடது காலிலிருந்து வலது கையைக் கழித்தது, மூன்றாவது இடது காலிலிருந்து இடது கையைக் கழித்தது. அப்படியானால் முதல் லீடு 0.67, இரண்டாவது 1.0, மூன்றாவது 0.33. முதலும் மூன்றும் கூட்டினால் இரண்டு. ஐந்தோவன் சொன்ன விதி இதுதான். 1924-ல் நோபல் பரிசு வாங்கிய மனிதர். அவர் காலத்தில் நோயாளி கையையும் காலையும் உப்புத்தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், எலக்ட்ரோடு அதுதான். பெட்டி தயாரானதும் முதல் சோதனையும் இதுவே ஆகட்டும். மூன்று லீடையும் திரையில் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பிறகு வேண்டுமென்றே இரண்டு கை ஒயரையும் மாற்றி மாட்டுங்கள். முதல் லீடு தலைகீழாக வேண்டும், இரண்டும் மூன்றும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். அப்படி நடந்தால் ஒயரிங் சரி.

ஒன்று கேட்பீர்கள்: டி.ஏ.சி. எதிர் வோல்டேஜ் தராதே, க்யூவும் எஸ்ஸும் கோட்டுக்குக் கீழே போவது எப்படி? அடிக்கோட்டை 0.6 வோல்ட்டில் வைத்துக்கொண்டு அதிலிருந்து மேலும் கீழும் ஆடவிட்டால் போதும். மானிட்டர் பக்கம் போகும்போது அது 0.6 மில்லிவோல்ட் நிலையான வோல்டேஜ். தோலும் ஜெல்லும் சேர்ந்து உண்டாக்கும் நிலையான வோல்டேஜ் 300 மில்லிவோல்ட் வரை வந்தாலும் மெஷின் தாங்க வேண்டும் என்பதுதான் விதி. நம் 0.6 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மாட்டியவுடன் சில நொடி கோடு மேலே இருந்து இறங்கி உட்காரும், அது இயல்பு.

அடுத்தது பட்டைக் கோடு. யூனோவின் 9, 10-ஆம் பின்களில் பி.டபிள்யூ.எம். தானாக ஓடுவது 490 ஹெர்ட்ஸில். உங்கள் வடிகட்டி அமுக்கத் தொடங்கும் எல்லை 159 ஹெர்ட்ஸ். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன; 490 ஹெர்ட்ஸ் இரைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே தப்பித்து வெளியே வருகிறது. டைமர் 1-ன் அமைப்பை மாற்றி 62.5 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் இதே வடிகட்டி அதைக் கிட்டத்தட்ட நானூறில் ஒரு பங்காக அமுக்கிவிடும். பைசா செலவில்லாத வழி அது. கோடு மெலிந்துவிடும்.

ஆனாலும் பி.டபிள்யூ.எம்.மில் நான் நிற்க மாட்டேன். அதன் உயரம் போர்டுக்கு வரும் 5 வோல்ட்டை அப்படியே பின்பற்றும். யு.எஸ்.பி.யில் வரும் 5 வோல்ட் 4.8-ம் ஆகும், 5.1-ம் ஆகும். லேப்டாப்பை மாற்றினால் உங்கள் 1 மில்லிவோல்ட்டும் மாறும். எம்.சி.பி. 4921 என்று ஒரு டி.ஏ.சி. இருக்கிறது. 12 பிட், எட்டுக் கால், பிரட்போர்டில் நேராகக் குத்தலாம். அதற்கு ரெஃபரன்ஸ் வோல்டேஜ் கொடுக்கத் தனிக் கால் உண்டு, அதுதான் நமக்கு வேண்டியது. 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக டி.எல். 431 என்ற ரெஃபரன்ஸ் சிப் ஒன்று போட்டால் 2.495 வோல்ட் அசையாமல் நிற்கும். மல்டிமீட்டரில் அளந்து வந்த எண்ணை ப்ரோகிராமில் எழுதிவிடுங்கள். ஒரு படிக்கு 0.61 மில்லிவோல்ட், இறக்கிய பிறகு 0.61 மைக்ரோவோல்ட். 4725 என்ற இன்னொரு டி.ஏ.சி. சின்ன மாட்யூலாகக் கிடைக்கிறது, நிறையப் பேர் அதைத்தான் போடச் சொல்வார்கள். ஆனால் அது தன் சப்ளையையே ரெஃபரன்ஸாக எடுத்துக்கொள்ளும். பழைய கதைக்கே திரும்பிப் போகிறோம்.

வெளியீட்டை அளப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ரிவ்யூவில் கட்டாயம் கேட்பார்கள். 1 மில்லிவோல்ட்டை நம் கையிலுள்ள மல்டிமீட்டர் நம்பும்படி காட்டாது. அதனால் ரெசிஸ்டர்களுக்கு முன்னால் அளக்க வேண்டும். டி.ஏ.சி.யை ஒரு எண்ணில் நிறுத்தி அளங்கள், அதிலிருந்து 1642 படி மேலே நிறுத்தி மறுபடி அளங்கள். வித்தியாசம் 1 வோல்ட் இருந்தால், எலக்ட்ரோடு பக்கம் 1 மில்லிவோல்ட் ஏறுகிறது.

இப்போது 144. இது நிஜமாகவே அலையின் கோளாறு. துடிப்பை எண்ணும் ப்ரோகிராம் அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்குகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கும். 1985-ல் பான், டாம்ப்கின்ஸ் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்றும் பாடத்தில் இருக்கிறது: 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டு, சரிவைக் கணக்கிடு, அதை வர்க்கமாக்கு, 150 மில்லி செகண்டு அகலத்தில் கூட்டு. ஒரு துடிப்பு வந்து 200 மில்லி செகண்டுக்குள் இன்னொன்றை ஏற்காது. 360-க்குள் வந்தால் அதன் சரிவு முந்தியதில் பாதியாவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் டி அலை என்று தள்ளிவிடும். நீங்கள் அனுப்பிய படத்தில் டி அலை முக்கோணமாக, கூர்முனையோடு, ஆர் அலைக்கு 400 மில்லி செகண்டு தள்ளி நிற்கிறது. கணக்கிடும் முறை மெஷினுக்கு மெஷின் மாறும் என்றாலும், இப்படி ஒரு டி அலையை எந்த மெஷினும் இன்னொரு துடிப்பாக எண்ணத்தான் பார்க்கும்.

கையால் வரைவதை விடுங்கள். ஒவ்வொரு அலையையும் ஒரு மணி வடிவ வளைவாக, அதாவது காஸியன் வளைவாக வைத்து ஐந்தையும் கூட்டுவது சுத்தமான வழி. மெக்ஷாரியும் அவருடன் சேர்ந்தவர்களும் 2003-ல் வெளியிட்ட மாடலின் அடிப்படையும் இந்த வளைவுகள்தான். தொடங்க என் எண்கள்: ஆர் உச்சியைச் சுழி என்று வைத்தால் பி அலை அதற்கு 160 மில்லி செகண்டு முன்னால், உயரம் 0.15 மில்லிவோல்ட், அகல அளவு 22 மில்லி செகண்டு. க்யூ 25 மில்லி செகண்டு முன்னால், கீழ்நோக்கி 0.1, அகலம் 8. ஆர் 1.0, அகலம் 10. எஸ் 25 பின்னால், கீழ்நோக்கி 0.2, அகலம் 9. டி 240 பின்னால், 0.3 உயரம். டி அலை மட்டும் இருபக்கமும் ஒன்று போல் இருக்காது, மெதுவாக ஏறிச் சட்டென்று இறங்கும். ஏறும் பக்கம் அகலம் 50, இறங்கும் பக்கம் 30 என்று வையுங்கள். இந்தக் கணக்கில் பி தொடங்கி க்யூ தொடங்கும் வரையுள்ள பி.ஆர். இடைவெளி 170 மில்லி செகண்டு பக்கம் வரும் (120 முதல் 200 வரை இயல்பு), க்யூ.ஆர்.எஸ். அகலம் 90-ஐ ஒட்டி வரும்.

நொடிக்கு 500 புள்ளி அனுப்பினால் போதும், க்யூ.ஆர்.எஸ்.ஸுக்கு மட்டும் 45 புள்ளி கிடைக்கிறது. ஆனால் அந்த 2 மில்லி செகண்டு டைமர் இன்டரப்டிலிருந்து (குறித்த நேரத்துக்கு மற்ற வேலையை நிறுத்திக் கூப்பிடும் அமைப்பு) வர வேண்டும். லூப்பில் டிலே போட்டு, நடுவில் சீரியல் பிரிண்டும் வைத்தால் நேரம் நழுவும். காஸியன் கணக்கையும் இன்டரப்டுக்குள் போடாதீர்கள், முன்கூட்டியே அட்டவணையாக்கி வைத்துவிடுங்கள்.

துடிப்பின் வேகத்தை மாற்றும் இடத்தில்தான் கடையில் விற்கும் மலிவுப் பெட்டிகள்கூடத் தடுமாறுகின்றன. அட்டவணையை வேகமாக ஓட்டினால் 72 துடிப்பு 144 ஆகும், உண்மை. கூடவே க்யூ.ஆர்.எஸ். அகலமும் பாதியாகிவிடும். எந்த மனிதருக்கும் மாடிப்படி ஏறினால் க்யூ.ஆர்.எஸ். பாதியாவதில்லை. வேகம் கூடும்போது குறைவது பெரும்பாலும் டி முடிந்து அடுத்த பி தொடங்கும் வரையுள்ள வெற்று நேரம்தான். க்யூ.டி. இடைவெளி (க்யூ தொடங்கி டி முடியும் வரை) கொஞ்சம் சுருங்கும், துடிப்பு இடைவெளியின் வர்க்கமூலத்தை ஒட்டி. 1920-ல் பேசெட் தந்த சூத்திரம் அது, வேகம் மிகவும் கூடினால் பிசகும் என்றாலும் நமக்குப் போதும். ஆகவே ஆர் உச்சியை நங்கூரமாக வைத்து, க்யூ.ஆர்.எஸ்.ஸைத் தொடாமல், டி அலையின் இடத்தை மட்டும் வர்க்கமூலக் கணக்கில் முன்னால் இழுங்கள். மிச்ச நேரம் முழுக்க அடிக்கோடு.

கணக்கு வேண்டாம், நிஜ மனிதரின் அலையே வேண்டும் என்றால் எம்.ஐ.டி.-பி.ஐ.எச். தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. 47 பேரிடமிருந்து எடுத்த 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஆனால் அவை நொடிக்கு 360 புள்ளி. அப்படியே எடுத்து 500-ல் ஓட்டினால் 72 துடிப்பு 100 ஆகிவிடும். யூனோவின் நினைவகத்தில் அரை மணி நேரப் பதிவு கொள்ளாது என்பதால் மெமரி கார்டு மாட்டவும் வேண்டியிருக்கும். ப்ராஜெக்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

கோளாறான துடிப்புகளில் முதலில் செய்ய வேண்டியது வி.பி.சி., அதாவது இதயத்தின் கீழறையிலிருந்து முந்திக்கொண்டு வரும் துடிப்பு. முன்னால் பி அலை இருக்கக் கூடாது, க்யூ.ஆர்.எஸ். 120 மில்லி செகண்டுக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும், டி அலை க்யூ.ஆர்.எஸ்.ஸுக்கு எதிர்த் திசையில் போக வேண்டும். அது சீக்கிரம் வந்ததற்கு ஈடாகப் பின்னால் ஓர் இடைவெளி வரும். முந்திய இயல்பான துடிப்பிலிருந்து பிந்திய இயல்பான துடிப்பு வரை கணக்குப் பார்த்தால் சரியாக இரண்டு இடைவெளி இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டால் படம் பார்க்கும் டாக்டர் ஒரு நொடியில் போலி என்று சொல்லிவிடுவார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குவது) பி-யை எடுத்துவிட்டு, இடைவெளியை ஒழுங்கில்லாமல் ஆக்கி, அடிக்கோட்டில் மெல்லிய நடுக்கம் சேர்த்தால் போதும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனுக்கு (கீழறைகள் துடிக்காமல் நடுங்குவது) 4 முதல் 7 ஹெர்ட்ஸுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று நான்கு சைன் அலைகளைக் கூட்டி, உயரத்தையும் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பேஸ்மேக்கர் முள்ளை விட்டுவிடுங்கள். அது 2 மில்லி செகண்டுக்கும் குறைவான பல்ஸ், 500 புள்ளி ஓட்டத்தில் பிடிபடாது.

இவை எல்லாவற்றையும் விட அதிகம் பயன்படுவது அழகில்லாத ஒரு சதுர அலை. நொடிக்கு ஒன்று, 1 மில்லிவோல்ட். மானிட்டரை டயக்னாஸ்டிக் மோடில் வைத்தால் மேல்தளம் பெரும்பாலும் சமமாக நிற்கும், அரை நொடியில் 15 சதவீதம் போல் சரியும். அதன் கீழ் எல்லை, அதாவது அதற்கு மெதுவான அசைவை மெஷின் அமுக்கிவிடும் இடம், 0.05 ஹெர்ட்ஸ். மானிட்டர் மோடில் கீழ் எல்லை 0.5 ஹெர்ட்ஸ், அதே அரை நொடிக்குள் மேல்தளம் ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். எஸ்.டி. பகுதியை (எஸ்ஸுக்கும் டி-க்கும் நடுவே உள்ளது) மானிட்டர் மோடில் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இந்த ஒரு படத்திலேயே புரிந்துவிடும். ரிவ்யூவில் இதை ஓட்டிக் காட்டுங்கள்.

ஒயர் விஷயம். மானிட்டர் கேபிளின் நுனி டிச் பட்டன் மாதிரிதான் இருக்கும். அதற்காக எம்.சி. ரோட்டில் தையல் சாமான் கடையில் பட்டன் வாங்கிவிடலாம் என்று தோன்றும். அளவு பொருந்தினால் அதிர்ஷ்டம். அதை விட, தேதி முடிந்து ஜெல் காய்ந்துபோன எலக்ட்ரோடு பாக்கெட்டை நர்சிங் ஹோமில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அதிலுள்ள பட்டனை உரித்து, அடியைச் சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி ஈயம் வையுங்கள். உபயோகித்த எலக்ட்ரோடு வேண்டாம். கிளிப் வகை கேபிளாக இருந்தால் பித்தளை ஸ்க்ரூ போதும். நிறத்தை மட்டும் நம்பி ஒயர் போடாதீர்கள். நம் ஊரில் இரண்டு முறையும் புழங்குகின்றன. ஐரோப்பிய முறையில் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். அமெரிக்க முறையில் வெள்ளை வலது கை, கறுப்பு இடது கை, சிவப்பு இடது கால், பச்சை வலது கால். சிவப்பும் கறுப்பும் பச்சையும் இரண்டிலும் இருக்கின்றன, வேறு வேறு இடத்தில். பெட்டி மேல் எழுத்தாகவே எழுதி ஒட்டிவிடுங்கள்.

சப்ளை பேட்டரியில்தான். ஆறு பென்சில் செல் போடும் ஹோல்டர் வாங்கி யூனோவின் வட்ட ஜாக்கில் மாட்டினால் 9 வோல்ட், நாள் முழுக்க ஓடும். பவர் பேங்க் வேண்டாம். யூனோ இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தானே அணைந்துவிடும். சார்ஜர் மாட்டிய லேப்டாப்பிலிருந்து யு.எஸ்.பி. கொடுத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வரும், அப்புறம் அது மானிட்டரின் கோளாறா உங்கள் கோளாறா என்று தெரியாது. ப்ரோகிராம் ஏற்றியதும் யு.எஸ்.பி.யைப் பிடுங்கிவிட்டுத்தான் மானிட்டரில் மாட்ட வேண்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நோயாளியின் உடம்பில் ஒட்டியிருக்கும் எலக்ட்ரோடுக்கும் உங்கள் பெட்டிக்கும் எந்தச் சூழ்நிலையிலும் தொடர்பு இருக்கக் கூடாது. சோதிக்கும் மானிட்டரைக் கட்டிலை விட்டுத் தள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, டிஃபிப்ரிலேட்டர், அதாவது இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷின். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் அலை கையில் இருக்கிறதே, ஏ.இ.டி. (தானாகவே அலையைப் பார்த்து ஷாக்கை முடிவு செய்யும் வகை) எப்படி நடந்துகொள்கிறது பார்ப்போம் என்று ஆசை வரும். ஷாக் கொடுத்தால் வருவது ஆயிரத்துக்கு மேற்பட்ட வோல்ட், 150, 200 ஜூல், சிலவற்றில் 360 வரை. 100 ஓம் ரெசிஸ்டர் வெடித்துச் சிதறும், கை பக்கத்தில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தச் சோதனைக்கு 50 ஓம் சுமையோடு தனி அனலைசர் இருக்கிறது. நாம் தொடவே வேண்டாம்.

இந்தப் பெட்டி எங்கே பயன்படும் என்று கேட்டீர்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாகச் சின்ன நர்சிங் ஹோம்களில் சர்வீஸ் செய்கிறவன் நான். உப்புக்காற்று அடிக்கும் இடம். மெஷின் கெடுவதை விட ஒயர் கெடுவதுதான் அதிகம். பழைய கட்டடங்களில் எர்த்தும் பேருக்குத்தான் இருக்கும். ஒரு நாள் ராத்திரி தண்டையார்பேட்டையில் ஒரு இடத்தில் மானிட்டர் விட்டுவிட்டுக் கத்துகிறது, லீட் கழன்றது என்று காட்டுகிறது, எலக்ட்ரோடை நாலு தடவை மாற்றிவிட்டார்கள். சிஸ்டர் என்னைப் பார்த்ததும், "மிஷின் போச்சா சார்?" என்றார். நோயாளியை வேறு மானிட்டருக்கு மாற்றச் சொல்லிவிட்டு, இதைத் தனியாக இழுத்து அதன் கேபிளில் பெட்டியை மாட்டினேன். 80 துடிப்பு, கோடு கத்தியால் கீறியது போலச் சுத்தம். சதுர அலை போட்டால் அச்சாக 10 மில்லிமீட்டர். அப்படியே விட்டுவிட்டு கேபிளை நுனியிலிருந்து ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டே வந்தேன். ஐந்து ஒயரும் சேரும் கட்டை கிட்டே வந்ததும் இரண்டாவது லீடு துள்ளியது, முதல் லீடு அசையவில்லை. இரண்டாவது லீடில் இருந்து முதலில் இல்லாதது இடது கால் மட்டும். அந்த ஒயரைக் கட்டையிலிருந்து பிடுங்கினால் முள் முழுக்கப் பச்சைக் களிம்பு. "மிஷின் நல்லா இருக்கு சிஸ்டர், ஒயர்தான்" என்று சொல்லி, துடைத்து மாட்டி, புது கேபிளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மானிட்டரை மாற்றிவிட வேண்டும் என்று அதற்கு முந்தைய வாரம்தான் ஒருவர் விலைப்பட்டியல் கொடுத்திருந்தார்.

எர்த் பிரச்சினைக்கும் இதே வழிதான். பேட்டரியில் ஓடும் பெட்டியை மாட்டினால் சுத்தமாக வந்து, ஆளை மாட்டினால் மட்டும் நடுக்கம் வந்தால் தோல், எலக்ட்ரோடு, பக்கத்துக் கட்டில் மெஷின் இவற்றைப் பாருங்கள். பெட்டிக்கே நடுங்கினால் சுவர் பிளக்கையும் மெஷினையும் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், இது கோளாறு தேடுவதற்குத்தான். ஆஸ்பத்திரிக்குக் காலிப்ரேஷன் சான்றிதழ் கொடுக்க அங்கீகாரமுள்ள லேபும், சான்று பெற்ற கருவியும் வேண்டும்.

சாமான் வாங்க ரிச்சி தெருதான். உங்களுக்கு மெட்ரோ வசதி, விம்கோ நகரில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை பூட்டியிருக்கும். டி.ஏ.சி.யைக் கேட்கும்போது 4921 என்று எண்ணையும் எட்டுக் கால் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் மாட்யூலை எடுத்து நீட்டுவார்கள். ரெசிஸ்டரைப் பத்துப் பத்தாக வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து, 33-ம் 68-ம் சொன்ன மதிப்புக்கு நெருக்கமாக இருப்பதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக 12 லீடு. கை கால் லீடுகள் ஆறும் இந்த ஒரே டி.ஏ.சி.யிலேயே வந்துவிடும், எல்லாம் ஒரே வடிவத்தில் வேறு வேறு உயரத்தில் என்றாலும். நிஜ இதயம் போல முதல் லீடும் இரண்டாவது லீடும் வேறு வடிவமாக வேண்டும் என்றால் இரண்டு டி.ஏ.சி. வேண்டும், மற்ற நான்கும் அவற்றின் கூட்டல் கழித்தலில் பிறந்துவிடும். நெஞ்சு லீடுகளுக்கு மேலும் ஆறு. ஆக எட்டு டி.ஏ.சி. அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வி1 முதல் வி6 வரை மெஷின் அளப்பது கிரவுண்டிலிருந்து இல்லை, வலது கை, இடது கை, இடது கால் மூன்றின் சராசரியிலிருந்து. நம் பெட்டியில் அந்தச் சராசரி 0.56 மில்லிவோல்ட். வி ஒயரைச் சும்மா கிரவுண்டில் மாட்டினால் திரையில் வெறும் நேர்கோடு வராது, 0.56 மில்லிவோல்ட் உயரத்துக்குத் தலைகீழாக ஓர் இ.சி.ஜி. வரும். ஆகவே வி1-ல் என்ன தெரிய வேண்டுமோ, அதோடு அந்தச் சராசரியையும் கூட்டித்தான் அந்த டி.ஏ.சி.க்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொரு புள்ளிக்கும். யூனோ அதற்குத் திணறும், அப்போது போர்டை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். இந்த ரிவ்யூவுக்கு மூன்று லீடும் சதுர அலையும் வி.பி.சி.யும் வைத்துப் போங்கள். வி ஒயரைக் கிரவுண்டில் மாட்டி அந்தத் தலைகீழ் அலையையும் காட்டுங்கள், எப்படி வந்தது என்று கேட்டால் கரும்பலகையில் கணக்கைப் போட்டு விளக்குங்கள்.